பொருளுக்குக் கட்டம் இல்லை

குழித்துறை நகராட்சி, பிறப்பு இறப்புப் பிரிவு,
இரண்டாவது ஜன்னல்.
மேலே ஒழுகும் ஓடு, கீழே ஒரு பெயிண்ட் வாளி.
படிவத்தில் தேதி உண்டு, எடை உண்டு,
தகப்பன், தாய், நிலையான முகவரி உண்டு.
பெயருக்கு ஒரு கட்டம்.
பொருளுக்குக் கட்டம் இல்லை,
அதை நான் மனசுக்குள் நிரப்பிக்கொள்வேன்.

ஸைத்தூன் பீவி, தேங்காப்பட்டணம்.
அரபியில் ஒலிவம்.
அந்த மரத்தை அவள் உம்மாவும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை.
பிள்ளையின் உச்சியில்
தேங்காயெண்ணெய் மினுங்கிக் கிடந்தது.

சிதறால் பக்கமிருந்து ஒரு இசக்கியம்மை.
இசக்கிக்கு முன்னால் இயக்கி, அதற்கும் முன்னால் யக்ஷி.
மலைப்பாறையில் சமணர் செதுக்கிவைத்தவள்
இறங்கி வந்து, மரத்தடியில் மஞ்சள் பூசி நின்று,
போன செவ்வாய் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில்
இரண்டு கிலோ எழுநூறு இருந்தாள்.

இனயத்திலிருந்து லெட்டீஷியா. லத்தீனில் மகிழ்ச்சி.
வீட்டில் லத்தீசா என்பார்களாம்.
கடற்கரையில் மகிழ்ச்சியும்
கொஞ்சம் உப்புப் பிடிக்கத்தானே செய்யும்.

நான் அமலோற்பவம்.
டிசம்பர் எட்டில் பிறந்தேன், வேறு வழியே இல்லை,
காலண்டர்தான் பெயர் வைத்தது.
ரப்பர் ஸ்டாம்பில் இடம் போதாமல்
கடைசி ம் வட்டத்துக்கு வெளியே நிற்கும்.

இப்போது வருகிற பெயர்களுக்கு எந்த அகராதியும் உதவாது.
அபிஜிஷா, ரெஜின்ஷா, ஷெர்ஜிஷா.
தள்ளையிடம் ஒரு எழுத்து, தகப்பனிடம் ஒரு எழுத்து,
பெண் என்று தெரியக் கடைசியில் ஒரு ஷா.
அந்த ஷா எங்கிருந்து வந்தது என்று கேட்டால்
"அது எல்லாரும் போடுததுதானே மேடம்."

ஜூன் மாதம், நல்ல மழை. ஆன்சி என்று ஒருத்தி வந்தாள்.
விரல் நுனியெல்லாம் முந்திரி ஆலைக் கறை.
கூட, நாலாம் கிளாஸ் படிக்கும் மகள்.
சான்றிதழை ஜன்னலுக்குள் தள்ளினாள்: ஆபின்ஷா.
"ஆ எனக்க எழுத்து.
பின் அவருக்கது. ஸ்டெபின்.
அந்தப் பின்னை மட்டும் எடுத்துத் தரணும்."

மஸ்கட்டிலிருந்து மாசாமாசம் பணம் வந்ததாம்.
பின் குரல் மட்டும் வந்ததாம்.
பின் ஒரு போட்டோ வந்ததாம்,
வேறொருத்தியும் வேறொரு குழந்தையுமாக.
அனுப்பியது அவனில்லை, கூட வேலை பார்த்த யாரோ.

விதியைச் சொன்னேன்.
ஒருதடவை பதிந்த பெயரை மாற்ற முடியாது,
பிழை என்றால் திருத்தலாம்.
"இதும் பிழைதான்" என்றாள்.

ஏன் செய்தேனோ,
பழைய ரசீதின் முதுகில் பெயரை எழுதி
நடுவில் அடித்துப் பார்த்தேன்.
ஆ, ஷா.
"கொள்ளாமே! ஆசை, நம்பிக்கை.
பொருள் உள்ள பேராட்டு ஆயிடுச்சு."
ஆன்சியின் முகம் லேசாக இளகியது.

பிள்ளை எம்பிப் படித்தாள்.
"எங்க கிளாஸ்ல ரெண்டு ஆஷா உண்டு.
ஆஷா கே, ஆஷா எம்.
மூணாவது நானா?
ஆபின்ஷா ஸ்கூல் முழுக்க நான் மட்டும்தான்."
சொல்லிவிட்டு, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கி
கறுத்த ஹேர்பின்னை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

ஆன்சி ஒன்றும் பேசவில்லை.
சான்றிதழை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டாள்,
கவரை மறுபடியும் மடித்தாள்.
ஒரே குடை. அதுவும் பிள்ளை பக்கமே சாய்ந்து
படியிறங்கிப் போனது.

வாளி நிறைந்திருந்தது. கொட்டிவிட்டு வந்து
அடுத்த படிவத்தை எடுத்தேன்.
பெண். மூன்று கிலோ நூறு. பெயர்க் கட்டம் காலி.
"ஒரு வருஷம் டைம் உண்டு, பைய யோசிச்சு வாருங்க"
என்றேன் அந்தத் தகப்பனிடம்.
அவன் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்தான்.
எழுதி அடித்து, எழுதி அடித்து,
கடைசி எழுத்து மட்டும் முடிவாகியிருந்தது.